இலங்கையில் வைத்தியம் இலவசம் என்றால் மக்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். இலங்கையில் அரச ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம், காப்பீட்டு அட்டைகூடத் தேவையில்லை, பிள்ளைப்பேற்றில் தாய் இறப்பது மிகக் குறைவு என்று படித்திருக்கிறார். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய பெரியம்மா சீனி வருத்தத்துக்கு (நீரிழிவு நோய்க்கு) மாதாமாதம் தனியாரிடம் காசு கட்டி டொக்டரைப் பார்க்கிறாராம், மருந்தும் வெளியில்தான் வாங்குகிறாராம். இதில் எது உண்மை, அந்த இலவச வைத்தியம் பேச்சுக்கு மட்டும்தானா என்று கேட்கிறார்.

இரண்டுமே உண்மை. உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி, அந்த இலவசம் எந்த வருத்தத்துக்கு நன்றாக வேலை செய்கிறது, எங்கே போய்த் தடுக்கிறது என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் ஆஸ்பத்திரி வாட்டுகளில் தொடங்கி, பிறகு வடமாகாணத்தில் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நோய்த்தடுப்புப் பக்கம் என் கைபட்ட வேலை. பெரிய ஆஸ்பத்திரிகளின் உள்நிர்வாகத்தை வெளியில் நின்று பார்த்தவர் என்ற அளவில்தான் சொல்ல முடியும்.

முதலில் காசு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் சுகாதாரத்துக்கென்று சம்பளத்தில் தனியாகப் பிடிப்பதில்லை. மக்கள் கட்டும் பொது வரியிலிருந்து திறைசேரி ஒதுக்கும் பணத்தில்தான் எல்லாம் நடக்கிறது. அது நாட்டின் மொத்த உற்பத்தியில் இரண்டு வீதத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. அந்தச் சின்னத் தொகையில் 2 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு வெளிநோயாளர் பிரிவு, வாட்டு, சத்திரசிகிச்சை, பிரசவம், தடுப்பூசி எல்லாம் நடக்கின்றன. ஏழை என்பதற்குச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்த ஊர்க்காரரும் எந்த அரச ஆஸ்பத்திரிக்கும் போகலாம். கட்டணம் வாங்கும் பகுதி அரச ஆஸ்பத்திரியாக ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலையும், சில இடங்களில் கட்டண வாட்டுகளும் உண்டு. அவை விதிவிலக்குகள்.

இது ஒரே நாளில் வந்ததில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஓர் எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் இருக்கும் மக்களின் பிறப்பு, இறப்பு, தொற்றுநோய், குடிநீர், மலசலகூடம் எல்லாவற்றுக்கும் ஒரு வைத்திய அதிகாரியையும் அவருக்குக் கீழே களப் பணியாளர்களையும் பொறுப்பாக்கும் முறை அது. இன்று நாடு முழுவதும் 350க்கு மேற்பட்ட எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோர்கள் இருப்பது அந்த வழியில்தான். 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு ஊருக்குள் வந்தவரிடம் மக்கள் ஆஸ்பத்திரி கேட்டார்கள். 1934-35இல் வந்த மலேரியா சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு கிராமப்புறங்களில் சிறு ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் வேகமாக எழுந்தன. 1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் நோயாளியிடம் கட்டணம் வாங்குவது நிறுத்தப்பட்டது. எழுபதுகளில் சில ஆண்டுகள் சிறு கட்டணம் ஒன்றைக் கொண்டுவந்து, பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

இனி இந்த அமைப்பின் உயிர்நாடிக்கு வருகிறேன். வெளியார் கொழும்புப் பெரியாஸ்பத்திரியைப் பார்த்து இதுதான் இலங்கைச் சுகாதாரம் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் குடும்பநல உத்தியோகத்தரைக் காட்டுவேன். ஊரில் அவரை மிட்வைஃப் என்பார்கள், முகத்துக்கு நேரே மிஸ் என்று கூப்பிடுவார்கள். ஒருவருக்குச் சுமார் 3,000 பேர் கொண்ட பகுதி என்பது கணக்கு. கலியாணம் முடித்த பெண் யார், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எந்த வீட்டில் எடை ஏறாத பிள்ளை இருக்கிறது என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். கர்ப்பம் என்று தெரிந்ததும் எட்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது இலக்கு. பதிந்தால் ஒரு அட்டை கிடைக்கும். அதன் பிறகு அந்தத் தாய் கிளினிக்குக்கு வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்டு மிஸ் வீட்டுக்குப் போவார். பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் இரண்டு முறையாவது வீட்டுக்குப் போய்த் தாயின் இரத்தப்போக்கு, காய்ச்சல், பிள்ளையின் தொப்புள், பால் குடிக்கும் விதம் எல்லாம் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளைக்கு நீலம் என்று ஒரு வளர்ச்சிக் கொப்பி கொடுப்பார்கள். இடம்பெயர்ந்து முகாம் முகாமாகத் திரிந்த காலத்தில் காணி உறுதியோடு சேர்த்து இந்தக் கொப்பியையும் பொலித்தீன் பையில் சுற்றிக் காப்பாற்றிய தாய்மாரைக் கண்டிருக்கிறேன்.

பிரசவம் இப்போது 99 வீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஒரு தாய் இறந்தால் அந்தச் செய்தி உடனே மேலே போக வேண்டும். எம்.ஓ.எச். அந்த வீட்டுக்கே போய், எப்போது வலி வந்தது, யார் பார்த்தார்கள், வாகனம் எப்போது கிடைத்தது என்று விசாரிப்பார். ஆஸ்பத்திரியிலும் தனியாக விசாரணை உண்டு. பிறகு மாவட்ட மட்டத்திலும் தேசிய மட்டத்திலும் ஒவ்வொரு மரணத்தையும் எடுத்து, எங்கே தாமதம் என்று பேசுவார்கள். அந்தக் கூட்டங்களில் மூத்த மகப்பேற்று நிபுணர்களே பதில் சொல்ல முடியாமல் நிற்பதுண்டு. தண்டிப்பதற்கான கூட்டமாக அதை நடத்தினால் அடுத்த முறை உண்மை வெளியே வராது. அதனால் அந்த எல்லையைக் கவனமாகக் காத்து வந்திருக்கிறார்கள். 1930களில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கு மேல் இருந்த தாய் மரணம் இன்று 30ஐ ஒட்டி நிற்பதற்கு இந்த விடாப்பிடியான விசாரணையும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தடுப்பூசியும் அப்படித்தான். எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி விடுபட்டது என்று பெயரோடு தெரியும். 2016இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 2019இல் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்துவிட்டதாக ஏற்றுக்கொண்டது. போர்க்காலத்திலும் இந்த வேலை முழுதாக நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்தன. மலேரியாவுக்கு மருந்தடிக்கும் ஆட்கள் கட்டுப்பாட்டு எல்லைகளைத் தாண்டி வேலை செய்தார்கள். அவர்களில் பலருக்குப் பெயர்ப்பலகையும் இல்லை, பதக்கமும் இல்லை.

இந்த வெற்றிக்கெல்லாம் சுகாதாரத் துறைதான் முழுக் காரணமா என்று கேட்டால், அங்கே எனக்கு அவ்வளவு நிச்சயம் கிடையாது. 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 அளவுக்கு இறங்கியது. டி.டி.ரி. என்ற பூச்சிமருந்தைத் தெளித்ததால்தான் என்று ஒரு சாரார் சொன்னார்கள். மலேரியா இல்லாத மாவட்டங்களிலும் இறப்பு குறைந்ததே, உணவும் புதிய மருந்துகளும் ஆஸ்பத்திரிகளும் காரணம் இல்லையா என்று இன்னொரு சாரார் கேட்டார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. அரிசிப் பங்கீடு, இலவசக் கல்வி, படித்த தாய்மார் என்று எல்லாம் ஒரே காலத்தில் நடந்ததால் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது மிகக் கடினம். என் அனுபவத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த தாய் மிஸ் சொல்வதைக் கேட்டு நடப்பதோடு நிற்கமாட்டார். மிஸ் வராவிட்டால் கந்தோருக்கு வந்து கேள்வியும் கேட்பார். இந்த அமைப்பை அப்படியே தூக்கிப் போய், பெண்கள் பள்ளிக்கூடம் போகாத ஒரு நாட்டில் வைத்தால் இதே பலன் வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஒன்று மட்டும் நிச்சயம்: கைவிட்டால் நோய் திரும்பி வரும். 1963இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளர்தான். கண்காணிப்புத் தளர்ந்ததும் 1968-69இல் அது இலட்சக்கணக்கில் திரும்பியது.

ஆஸ்பத்திரிகளின் அடுக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழே படுக்கை இல்லாத ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையங்கள், அதற்கு மேல் பிரதேச வைத்தியசாலைகள். பிறகு பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு ஆகிய நான்கு துறைக்கும் நிபுணர்கள் இருக்க வேண்டிய ஆதார வைத்தியசாலைகள். அதற்கு மேல் மாவட்டப் பொது வைத்தியசாலைகள், உச்சியில் மருத்துவ மாணவர்கள் பயிலும் போதனா வைத்தியசாலைகளும் கொழும்புத் தேசிய வைத்தியசாலையும். மாகாண சபைகள் வந்த பிறகு கீழ் அடுக்குகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கையிலும், போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கையிலும் இருக்கின்றன. வடக்கில் ஐந்து மாவட்டத்துக்கும் சேர்த்து யாழ்ப்பாணம் ஒன்றுதான் போதனா வைத்தியசாலை. நெடுந்தீவில் ஒருவருக்கு இரவில் நெஞ்சுவலி வந்தால் கடல் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வர வேண்டும், அங்கிருந்து தரைவழி. அந்த நேரத்தில் கடற்படைப் படகோ ஹெலிகொப்டரோதான் கதி. இலவசம் என்ற சொல்லுக்குள் இந்தத் தூரம் அடங்காது. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கும் வந்தது. அதற்கும் கட்டணம் இல்லை. தரைப் பகுதியில் அது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது.

இந்த அடுக்கில் ஒரு ஓட்டை உண்டு. கீழே காட்டாமல் நேரே மேலே போவதை யாரும் தடுப்பதில்லை. எங்கும் போகலாம் என்ற சுதந்திரத்தை மக்கள் விரும்புகிறார்கள், நானும் மதிக்கிறேன். ஆனால் விளைவு என்ன? பிரதேச வைத்தியசாலையில் கட்டில் காலியாகக் கிடக்க, போதனா வைத்தியசாலையில் ஒரு கட்டிலுக்குக் கீழேயும் ஒருவர் பாய் விரித்துப் படுத்திருப்பார். வெளிநோயாளர் பிரிவில் ஒரு டொக்டர் ஒரு காலையில் நூற்றுக்கு மேற்பட்டவரைப் பார்க்கும் நிலையும் வரும். அவர் நிமிர்ந்து முகம் பார்த்துப் பேசவில்லை என்று மக்கள் குறைப்படுகிறார்கள். நியாயமான குறைதான், ஆனால் அந்த எண்ணிக்கைக்கு யாராலும் முகம் பார்த்துப் பேச முடியாது.

இங்கேதான் உங்கள் பெரியம்மா வருகிறார். 1977 முதல் அரச டொக்டர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாரில் நோயாளிகளைப் பார்க்க அனுமதி உண்டு. ஆகவே காலையில் கிளினிக்கில் இருக்கும் அதே நிபுணரை மாலையில் தனியார் ஆஸ்பத்திரியில் பதிவு செய்து, நம்பர் எடுத்துப் பார்க்கலாம். அதைத்தான் நாங்கள் சனல் பண்ணுவது என்கிறோம். மக்கள் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் அரச மருத்துவத்தின் உண்மையான வடிவம் தெரியும். வெளிநோயாளராகக் காட்டுவதில் ஏறத்தாழப் பாதி தனியாரிடம் நடக்கிறது. ஆனால் வாட்டில் அனுமதிக்கப்பட்டுப் பெறும் சிகிச்சையில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அரச ஆஸ்பத்திரியில்தான். காய்ச்சல், தடிமன், தோல் வருத்தம் என்றால் வரிசையில் நிற்க நேரமில்லாதவர் காசு கொடுத்துக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். குடல்வளரி (அப்பெண்டிக்ஸ்) வெடித்தால், பிரசவம் சிக்கலானால், டெங்குக் காய்ச்சலில் இரத்தச் சிறுதட்டு இறங்கினால், விபத்தில் தலை அடிபட்டால், அதே ஆள் அரச ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகிறார். சின்னச் செலவு தன் கையிலிருந்து, குடும்பத்தைக் கவிழ்க்கும் பெரிய செலவு அரசிடமிருந்து. யாரும் உட்கார்ந்து வகுத்த திட்டமில்லை இது, நாளடைவில் அப்படி அமைந்துவிட்டது. வசதியுள்ளவர் சின்ன வருத்தங்களுக்குத் தாமாகவே விலகிப் போவதால், கிடைக்கும் சின்ன ஒதுக்கீடு ஏழைக்கும் பெரிய நோய்க்கும் போய்ச் சேருகிறது. காப்பீட்டு அட்டை இல்லாத இலங்கையில், சத்திரசிகிச்சைக்காக வீட்டை ஈடு வைக்கும் கதை ஒப்பீட்டளவில் குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் முடிவு.

இந்தச் சமநிலை இப்போது உடைகிறது, அதை உடைப்பது உங்கள் பெரியம்மாவுக்கு இருக்கும் அதே வருத்தம். சீனியும் பிரஷரும் சின்னச் செலவுதான், ஆனால் சாகும்வரை தொடரும் சின்னச் செலவு. இன்று நாட்டில் நடக்கும் இறப்புகளில் பத்தில் எட்டு தொற்றா நோய்களால். பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே எட்டில் ஒருவர் 60 வயது தாண்டியவர், இப்போது அந்தப் பங்கு இன்னும் கூடிவிட்டது. கர்ப்பிணி கிளினிக்குக்கு வராவிட்டால் வீடு தேடிப் போகும் அமைப்பு எங்களிடம் இருக்கிறது. சீனி வருத்தக்காரர் மூன்று மாதம் வராவிட்டால் அவர் வீட்டுக்குப் போக யாரும் இல்லை. கால் புண்ணாகிக் கறுத்த பிறகு அவராகவே வருவார், அப்போது சத்திரசிகிச்சை நிபுணர்தான் பார்க்க வேண்டியிருக்கும். 2011 முதல் சுகவாழ்வு நிலையங்கள் என்று தொடங்கி நடுத்தர வயதினருக்குச் சீனி, பிரஷர், கொலஸ்திரோல் பார்க்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் வேலை நேரத்தில் திறந்து வேலை நேரத்தில் மூடினால் ஆண்கள் எப்படி வருவார்கள்? பெண்கள்தான் கூடுதலாக வருகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்தையும் பக்கத்து ஆரம்ப நிலையத்தில் பதிந்து, அங்கேயே ஒரு டொக்டரைப் பொறுப்பாக்கும் மறுசீரமைப்பு 2018 முதல் பேச்சிலும் சில இடங்களில் நடைமுறையிலும் இருக்கிறது. மிட்வைஃப் முறையிலிருந்து கற்க வேண்டிய பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்: பெயரோடும் வீட்டு முகவரியோடும் ஒரு ஆளிடம் பொறுப்புக் கொடுங்கள். ஆனால் மிட்வைஃப் பதவிகளிலேயே வெற்றிடங்கள் பெருகிக் கிடக்கும் காலம் இது. இருக்கிறவர் தலையில் சீனி வருத்தத்தையும் ஏற்றினால் இரண்டும் கெடும்.

மருந்தை ஏன் வெளியில் வாங்கச் சொல்கிறார்கள் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முன்முயற்சியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் மூலப்பெயரில், கேள்விப்பத்திரம் (டெண்டர்) போட்டு மொத்தமாக இறக்குவது அதன் அடிப்படை. குறைந்த காசில் இவ்வளவு பேருக்கு மருந்து கொடுக்க முடிந்ததற்கு அந்தக் கொள்கையின் பங்கு பெரிது. ஆனால் மருந்தில் பெரும்பகுதி இன்றும் இறக்குமதி. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தபோது டொலர் இல்லை, டொலர் இல்லாததால் மருந்தும் இல்லை. அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப்போட்டார்கள். பல நூறு டொக்டர்கள் நாட்டை விட்டுப் போனார்கள், நிபுணர்களும் அதில் அடக்கம். நிலைமை அன்றைக்கு இருந்ததைவிட இப்போது நல்லது, ஆனாலும் ஒரு மருந்து கையிருப்பில் இல்லை என்றால் துண்டில் எழுதித் தருவார்கள், நீங்கள் பாமசியில் வாங்க வேண்டும். பரிசோதனைகளும் அப்படியே. மூன்று மாதச் சராசரி சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை பல சிறிய ஆஸ்பத்திரிகளில் இல்லை. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்களின் பையிலிருந்து போவது இப்படித்தான்: சனல் காசு, மருந்து, பரிசோதனை.

இன்னொரு குறையும் உண்டு. தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளி கொழும்புக்கோ, புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகமைக்கோ அனுப்பப்பட்டால் தன் வருத்தத்தைச் சொல்லவே ஆள் தேட வேண்டியிருக்கிறது. மனமுள்ள தாதிமார் தங்களுக்குத் தெரிந்த தமிழில் சமாளிக்கிறார்கள். அது அவர்களுடைய நல்ல மனம், அமைப்பின் ஏற்பாடு கிடையாது. சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்டு ஒரு தாளை நீட்டும்போது அதில் என்ன இருக்கிறது என்று நோயாளியின் மொழியில் சொல்ல ஒரு ஆளை நியமிக்க எவ்வளவு செலவாகிவிடும்? இதை நான் கடமையில் இருந்த காலத்திலும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

உங்கள் பெரியம்மாவுக்கு நான் சொல்வது இதுதான். தனியாரில் பார்ப்பதை உடனே விட வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பிரதேச அல்லது ஆதார வைத்தியசாலையின் மருத்துவ கிளினிக்கில் பெயரைப் பதிந்து ஒரு கிளினிக் கொப்பி எடுக்கச் சொல்லுங்கள். தனியாரில் எடுத்த பரிசோதனை அறிக்கைகளையும் இப்போது போடும் மருந்துகளின் பெட்டிகளையும் முதல் நாள் கொண்டுபோகட்டும். மெற்போர்மின் போன்ற அடிப்படை மருந்துகள் பெரும்பாலும் அங்கேயே ஒரு மாதத்துக்குக் கிடைக்கும். கண்ணின் பின்திரையையும் சிறுநீரகத்தையும் ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பதற்கு அங்கிருந்தே கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் எப்போதாவது தங்கியிருந்தால் அப்போது கொடுத்த நோய் நிர்ணய அட்டையை எறியாமல் கொப்பிக்குள் வைக்கட்டும், இரவில் 1990க்கு அழைத்துப் போக நேர்ந்தால் டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். கிளினிக் நாளில் காலை ஆறு மணிக்கே நம்பர் துண்டு எடுக்க வேண்டியிருக்கலாம். யாராவது ஒரு பிள்ளை கூடப் போனால் நல்லது.